தமிழ் அகராதிச் செயலிக்கு எந்த உரிமம்? நிரலும் தரவும் படமும் எழுத்துருவும் ஒன்றாகச் சேரும்போது

கேள்வியின் சாரம் இது. நான்கு நண்பர்கள் சேர்ந்து ஆண்ட்ராய்டில் ஒரு தமிழ் அகராதிச் செயலி செய்கிறார்கள். நிரலில் பெரும்பகுதி அவர்களே எழுதியது. சொல்லைப் பிரித்து வேர்ச்சொல்லைக் கண்டுபிடிக்க மட்டும் ஜிபிஎல் 3 என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் உள்ள ஒரு நிரலகத்தை (பிறர் எழுதிய ஆயத்த நிரல்தொகுப்பு) சேர்த்திருக்கிறார்கள். பொருள் விளக்கங்கள் தமிழ் விக்சனரியிலிருந்து எடுத்தவை. படங்கள் பல இடங்களிலிருந்து வந்தவை, சிலவற்றில் 'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற நிபந்தனை இருக்கிறது. எழுத்துரு நோட்டோ. தொடக்கத்தில் உடன் எழுதிய ஒருவர் இப்போது விலகிவிட்டார். "முழுவதையும் எம்ஐடி உரிமத்தில் வெளியிடலாமா? இல்லையென்றால் எல்லாவற்றையும் கிரியேட்டிவ் காமன்ஸில் போட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்கள்.

எம்ஐடி என்பது மென்பொருளுக்கான மிக எளிய உரிமம், கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது உரை, படம் போன்றவற்றுக்கான உரிமங்களின் தொகுதி. இரண்டுமே முடியாது. ஆனால் உங்களிடம் இருக்கும் பொருள்களில் பெரும்பாலானவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, முறையாக, யாருடைய உழைப்புக்கும் துரோகம் செய்யாமல் வெளியிட முடியும். 'எந்த உரிமம் நல்லது?' என்று தொடங்கினால் அந்த விவாதம் வாரக்கணக்கில் நீளும். நானும் பல குழுக்களில் அதைப் பார்த்திருக்கிறேன். 'எதோடு எது கலக்கிறது, எது பக்கத்தில் மட்டும் இருக்கிறது?' என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் செயலியில் குறைந்தது ஐந்து தனித்தனிப் படைப்புகள் இருக்கின்றன. அவற்றில் சில ஒன்றோடொன்று கரைந்துவிட்டன, சில ஒரே பெட்டிக்குள் கிடந்தாலும் தனித்தே நிற்கின்றன. உரிமத் தகராறு கரைந்த இடத்தில்தான் வரும்.

அடிப்படை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி கணினி நிரலும் கணினித் தரவுத்தளமும் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள்தான் வருகின்றன. ஒரு கதைக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு உங்கள் நிரலுக்கும் உண்டு. எழுதிய கணமே அது உங்களுக்குச் சொந்தம், பதிவுசெய்ய வேண்டிய தேவையில்லை. இதன் மறுபக்கத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். உரிமம் எதுவும் எழுதாமல் ஒருவர் தன் நிரலைப் பொதுவில் வைத்தால், அதை எடுத்து மாற்றி வெளியிட மற்றவர்களுக்கு அனுமதி கிடையாது. கிட்ஹப்பில் ஒரு களஞ்சியம் திறந்திருப்பதால், அங்கேயே பார்க்கலாம், அந்தத் தளத்துக்குள் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதும் உரிமம் கொடுக்கப்பட்டிருப்பதும் வேறு வேறு. எழுத்துருக்களைப் பற்றியும் விலகிப்போன நண்பரைப் பற்றியும் பேசும்போது இதற்குத் திரும்ப வருகிறேன்.

உரிமங்கள் ஒத்துப்போவது என்பதை வாய்க்கால் நீரோடு ஒப்பிட்டால் எளிதாகப் புரியும். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும், திரும்பி ஏறாது. எம்ஐடி, பிஎஸ்டி போன்ற எளிய உரிமங்கள் மேட்டில் இருக்கின்றன. அவை கேட்பதெல்லாம் பெயரையும் உரிம வாசகத்தையும் நீக்காதே என்பதுதான். அதற்குக் கீழே 2004-இல் வந்த அப்பாச்சி 2.0. காப்புரிமை (பேட்டன்ட்) பற்றிய விதிகள் அதில் கூடுதலாக உண்டு. அதற்கும் கீழே 2007-இல் வந்த ஜிபிஎல் 3. மேலே உள்ளதைக் கீழே உள்ளதில் கலக்கலாம். கலந்து வருவது மொத்தமும் கீழே உள்ளதன் நிபந்தனைக்குக் கட்டுப்படும். எம்ஐடி நிரலை ஜிபிஎல் திட்டத்துக்குள் எடுக்கலாம். ஜிபிஎல் நிரலை எம்ஐடி திட்டத்துக்குள் எடுத்துவிட்டு அதை எம்ஐடி என்று சொல்ல முடியாது.

பாயாத திசைகளும் உண்டு. 1991-இல் வந்த ஜிபிஎல் 2-ஓடு அப்பாச்சி 2.0 கலக்காது. அப்பாச்சியின் காப்புரிமை விதிகள் ஜிபிஎல் 2 அனுமதிக்காத கூடுதல் நிபந்தனை என்று ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை கருதுகிறது. 'ஜிபிஎல் 2 மட்டும்' என்று எழுதியதும் ஜிபிஎல் 3-உம்கூட ஒன்றுக்கொன்று கலக்காது. 'பதிப்பு 2 அல்லது அதற்குப் பிந்தையது' என்று எழுதியிருந்தால்தான் கலக்கும். அந்த ஒற்றை வரி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் எந்த ஜிபிஎல் நிரலகத்தையும் எடுக்காதீர்கள். லினக்ஸ் கருநிரல் 'பதிப்பு 2 மட்டும்' வகை. சிடிடிஎல் என்ற வேறொரு கட்டற்ற உரிமத்தில் உள்ள இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையை அதோடு சேர்த்து விநியோகிக்கலாமா என்பது பல ஆண்டுகளாக ஓயாத சண்டை. இரண்டுமே கட்டற்ற மென்பொருள்தான், இரண்டுமே மூலநிரலைத் திறந்து வைப்பவைதான், ஆனாலும் சேரவில்லை. நல்லெண்ணம் இருந்தால் எல்லாம் சேர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

இனி உங்கள் செயலிக்கு வருவோம்.

வேர்ச்சொல் நிரலகம் ஜிபிஎல் 3 என்கிறீர்கள். அது உங்கள் நிரலோடு இணைந்து ஒரே செயலியாக ஓடுகிறது. அப்படியானால் நீங்கள் விநியோகிக்கும் செயலி முழுவதும் ஜிபிஎல் 3-இன்கீழ்தான் போக வேண்டும். நீங்களே எழுதிய கோப்புகளின் தலையில் எம்ஐடி என்று எழுதி வைக்கலாம், அது பொய்யாகாது. அந்தக் கோப்பை மட்டும் தனியே எடுத்துப் பயன்படுத்துபவர் எம்ஐடி நிபந்தனையில் எடுத்துக்கொள்வார். ஆனால் சேர்ந்த செயலி ஜிபிஎல் 3. ஆண்ட்ராய்டில் இதில் ஒரு நன்மையும் உண்டு. நீங்கள் பயன்படுத்தும் ஆண்ட்ராய்ட்எக்ஸ் நிரலகங்கள் அப்பாச்சி 2.0 உரிமத்தில் இருப்பவை. அவை ஜிபிஎல் 3-க்குள் தாராளமாகப் பாயும். உங்கள் வேர்ச்சொல் நிரலகம் 'ஜிபிஎல் 2 மட்டும்' ஆக இருந்திருந்தால் இந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

'இல்லை, எங்களுக்கு எம்ஐடிதான் வேண்டும், பள்ளிகளும் சிறு நிறுவனங்களும் தயக்கமின்றி எடுத்துக்கொள்ள வேண்டும்' என்றால் அதற்கும் வழி உண்டு. நிரலகத்தை எழுதியவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். எல்ஜிபிஎல் உரிமத்திலும் (தன்னைப் பயன்படுத்தும் செயலி முழுவதையும் கட்டுப்படுத்தாத, ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவம்) தர முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். பதிப்புரிமை அவர் கையில் மட்டும் இருந்தால், ஒரே படைப்பை எத்தனை உரிமத்தில் வேண்டுமானாலும் அவர் தரலாம். அவர் மறுத்தால் அது அவர் உரிமை, அந்தப் பகுதியை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். தந்திரமாக ஏதாவது செய்து ஜிபிஎல்லைச் சுற்றிப்போக வேண்டாம். சிலிஸ்ப் என்ற லிஸ்ப் மொழிபெயர்ப்பி, ஜிபிஎல் உரிமத்தில் இருந்த ரீட்லைன் நிரலகத்தைப் பயன்படுத்தியது. அதைப் பற்றி எழுந்த நீண்ட கடிதப் போக்குவரத்தின் முடிவில், 1992-இல் அதன் ஆசிரியர்கள் சிலிஸ்ப்பையே ஜிபிஎல்லுக்கு மாற்றினார்கள். உங்களுடையது புதிய திட்டம், வருமானத்துக்காகச் செய்வதும் இல்லை என்கிறீர்கள். ஜிபிஎல் 3-ஐ ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. தமிழுக்கு வேர்ச்சொல் நிரலகங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. அவற்றை மேம்படுத்துபவர்களின் உழைப்பு திரும்பப் பொதுவுக்கே வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அடுத்தது பொருள் விளக்கங்கள். உங்கள் செயலியின் உயிரே இவைதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

விக்சனரியின் உரை சிசி (கிரியேட்டிவ் காமன்ஸ்) பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில் இருக்கிறது. 'பை' என்றால் ஆக்கியவரைக் குறிப்பிட வேண்டும். 'எஸ்ஏ' என்றால், மாற்றி வெளியிடுவதை அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். எனவே அதை எம்ஐடி என்று மாற்றி எழுத உங்களுக்கு அதிகாரமில்லை. அந்த விளக்கங்கள் பல ஆண்டுகளாகப் பல தன்னார்வலர்கள் எழுதியவை, பதிப்புரிமை ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. மறுபுறம், செயலியின் நிரலை சிசி பை-எஸ்ஏ உரிமத்தில் போடுவதும் தவறு. கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே தன் உரிமங்களை மென்பொருளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் சொல்கிறது. மூலநிரலைத் தர வேண்டும் என்ற பேச்சே அந்த உரிமங்களில் கிடையாது, மென்பொருளுக்குரிய காப்புரிமையைப் பற்றியும் அவை எதுவும் தருவதில்லை. பதிப்புரிமையையே விட்டுக்கொடுக்கும் சிசி ஜீரோவிலும் காப்புரிமை விட்டுக்கொடுக்கப்படவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அந்தக் காரணத்தாலேயே 2022-இல் ஃபெடோரா என்ற லினக்ஸ் வழங்கல் திட்டம், நிரலுக்கு சிசி ஜீரோவை ஏற்பதை நிறுத்தியது.

அப்படியானால் ஜிபிஎல் 3 நிரலும் பை-எஸ்ஏ தரவும் ஒரே செயலியில் எப்படி இருக்கும்? தனித்தனிக் கோப்பாக இருந்தால் போதும். விளக்கங்கள் ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பில் இருக்கட்டும், செயலி அதைத் திறந்து படிக்கட்டும். அகராதி இல்லாவிட்டாலும் நிரல் நிரல்தான், நிரல் இல்லாவிட்டாலும் அகராதி அகராதிதான். ஒரே ஊடகத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்ட தனித்தனிப் படைப்புகளை 'தொகுப்பு' என்று ஜிபிஎல் 3-இன் 5-ஆம் பிரிவு சொல்கிறது. ஜிபிஎல்லின் நிபந்தனை தொகுப்பிலுள்ள மற்றவற்றின்மேல் பாயாது என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. நீங்கள் செய்யக்கூடாதது, விளக்கங்களை ஜாவா அல்லது கோட்லின் கோப்புக்குள் நேரடியாக ஒட்டிவைப்பது. உங்கள் களஞ்சியத்தில் மாதிரிச் சொற்கள் என்று இருநூறு வரி அப்படி இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவற்றை இன்றே வெளியே எடுத்துத் தரவுக் கோப்பில் போடுங்கள். வேலை அரை மணி நேரம்தான்.

தவறிக் கலந்துவிட்டவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 2015 அக்டோபரில், சிசி பை-எஸ்ஏ 4.0-இல் உள்ள படைப்பை மாற்றி ஜிபிஎல் 3-இல் வெளியிடலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் அறிவித்தது. ஒருவழிப் பாதை அது. ஜிபிஎல்லிலிருந்து பை-எஸ்ஏ-வுக்குத் திரும்ப வர முடியாது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. அறிவிப்பில் பதிப்பு 3 மட்டுமே இருப்பதால், அப்படிக் கலந்ததை 'ஜிபிஎல் 3 அல்லது பிந்தைய பதிப்பு' என்று எழுதக் கூடாது. ஆனாலும் தனியாக வைப்பதையே நான் விரும்புவேன். ஜிபிஎல்லுக்குள் போன அகராதி விக்சனரிக்குத் திரும்பாது. நீங்கள் திருத்திய பிழைகளும் சேர்த்த சொற்களும் மூல இடத்துக்குப் போய்ச் சேராமல் நின்றுவிட்டால் நட்டம் தமிழுக்குத்தான்.

விக்சனரியின் உரிமம் இப்போதிருக்கும் நிலைக்கு வந்ததே ஒரு பெரிய கதை. விக்கிப்பீடியா தொடங்கியபோது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் கிடையாது, அவை 2002 டிசம்பரில்தான் வந்தன. மென்பொருள் கையேடுகளுக்காக எழுதப்பட்ட குனூ கட்டற்ற ஆவண உரிமத்தை விக்கிப்பீடியா எடுத்துக்கொண்டது. அந்த உரிமத்தின்படி, ஒரு பத்தியை அச்சிட்டுக் கொடுத்தாலும் உரிம வாசகம் முழுவதையும் சேர்த்துத் தர வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸில் இருந்த எத்தனையோ நல்ல உரைகளை விக்கிக்குள் எடுக்க முடியவில்லை, விக்கி உரையை வெளியே கொடுக்கவும் முடியவில்லை. லட்சக்கணக்கான பங்களிப்பாளர்களிடம் தனித்தனியே சம்மதம் கேட்பது நடக்கிற காரியமா? கடைசியில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008 நவம்பரில் அந்த உரிமத்தின் 1.3 பதிப்பை வெளியிட்டது. விக்கிகள் 2009 ஆகஸ்ட் 1-க்குள் பை-எஸ்ஏ 3.0-க்கு மாறிக்கொள்ளலாம் என்று அதில் ஒரு கதவைத் திறந்துவைத்தது. விக்கிச் சமூகம் வாக்களித்து 2009 ஜூனில் மாறியது. 'பிந்தைய பதிப்பு' என்ற சொல் பங்களிப்பு நிபந்தனையில் இருந்ததால்தான் அந்தக் கதவே சாத்தியமாயிற்று. 2023-இல் 4.0-க்கு மாறினார்கள். உங்கள் செயலிக்கு இன்று அந்த விளக்கங்கள் கிடைப்பது இத்தனை பேர் மெனக்கெட்டதால்தான்.

ஆக்கியவரை எப்படிக் குறிப்பிடுவது? ஒவ்வொரு சொல்லின் அடியிலும் அந்த விக்சனரிப் பக்கத்துக்கு ஓர் இணைப்பு கொடுங்கள். பக்கத்தின் வரலாற்றில் எழுதியவர்கள் எல்லாரும் இருப்பதால், விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகள் அந்த இணைப்பையே போதுமானதாக ஏற்கின்றன. 'பற்றி' பக்கத்தில் உரிமத்தின் பெயரும் இணைப்பும், 'சுருக்கியும் வடிவம் மாற்றியும் தந்திருக்கிறோம்' என்ற ஒரு வரியும் வேண்டும். மாற்றம் செய்ததைச் சொல்வது 4.0-இன் நிபந்தனை. எங்காவது தவறிவிட்டாலும், தவறு தெரிந்து 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் தானாகத் திரும்பிவிடும் என்ற ஏற்பாடு 4.0-இல் இருக்கிறது. முந்தைய பதிப்புகளில் அது இல்லை.

விக்சனரியில் இல்லாத சொற்களுக்குப் பழைய அகராதிகளை எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி 1862-இல் வந்தது. இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள்தான் பதிப்புரிமை, அது எப்போதோ முடிந்துவிட்டது. அத்தகைய நூலை எந்த உரிமத்தோடும் கலக்கலாம். எடுத்துக்காட்டு வரிகளுக்குத் திருக்குறளையும் கம்பனையும் எடுக்கலாம், பரிமேலழகர் உரையை எடுக்கலாம், பாரதியை எடுக்கலாம். ஆனால் குறளுக்கு இன்று ஒருவர் எழுதிய உரை அந்த உரையாசிரியருக்குச் சொந்தம். மூலம் பொதுச்சொத்து என்பதால் உரையும் பொதுச்சொத்தாகிவிடாது. தமிழ்ச் செயலிகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். அதேபோல, கிரியேட்டிவ் காமன்ஸில் வரும் தமிழ் மின்னூல்களில் நூலுக்கு நூல் உரிமம் மாறும். 'என்டி' (மாற்றக் கூடாது) இருந்தால் மாற்றி வெளியிட அனுமதியில்லை. 'என்சி-எஸ்ஏ' (வணிகப் பயன்பாடு கூடாது, அதே உரிமத்திலேயே வெளியிட வேண்டும்) இருந்தால் அந்த உரையை விக்சனரி உரையோடு ஒரே பதிவில் பின்னி எழுத முடியாது. ஒன்று தன் உரிமத்திலேயே வெளியிடச் சொல்கிறது, மற்றதும் அதையே சொல்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற வழியில்லை.

இப்போது படங்கள். 'வணிகப் பயன்பாடு கூடாது' என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். தன் புகைப்படத்தை வைத்து யாரோ காசு பார்ப்பதை எந்தக் கலைஞர் விரும்புவார்? அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் கட்டற்ற திட்டத்துக்குள் அந்த நிபந்தனை நுழைந்தால் மொத்தத் திட்டமும் நொண்டத் தொடங்கும். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் அதைக் கட்டற்றதாக ஏற்காது. கட்டற்ற படங்களின் கிடங்கான விக்கிமீடியா பொதுவகம் ஏற்காது. கட்டற்ற ஆண்ட்ராய்டு செயலிகளுக்கான எஃப்-டிராய்ட் தளம் உங்கள் செயலியைப் பட்டியலிட்டாலும், 'கட்டற்றதல்லாத உள்ளடக்கம் உள்ளது' என்ற எச்சரிக்கை முத்திரையோடுதான் காட்டும். நாளை ஒரு பதிப்பாளர் உங்கள் செயலியை ஒரு பாடநூலோடு சேர்த்துத் தர விரும்பினால், அந்தப் பத்துப் படங்களுக்காக எல்லாம் நின்றுவிடும்.

பல ஆண்டுகளுக்கு முன் குழந்தைகளுக்கான ஒரு புதிர்ச் செயலியில் இதே தவறை நான் செய்திருக்கிறேன். பறவைப் படங்களில் நாற்பதுக்கும் மேல் 'என்சி'. படம் எடுத்தவர்களைத் தேடித் தேடிக் கடிதம் எழுதினேன். பாதிப் பேர் மகிழ்ச்சியோடு பை-எஸ்ஏ-வுக்கு மாற்றித் தந்தார்கள். சிலர் மறுத்தார்கள், சிலரிடமிருந்து பதிலே வரவில்லை. பதில் வராத படங்களை நீக்கினேன். ஒரு மழைக்காலம் முழுக்க அதற்கே போயிற்று. நீங்கள் அந்த வழியில் போகாதீர்கள். விக்கிமீடியா பொதுவகத்தில் தாவரம், பறவை, பாத்திரம், கருவி என்று தேடினால் பெரும்பாலானவை கிடைக்கும். ஒவ்வொரு படத்துக்கும் உரிமம் தனி என்பதை மட்டும் கவனியுங்கள், ஒன்று சிசி பை, அடுத்தது பை-எஸ்ஏ, இன்னொன்று பொதுச்சொத்து. படத்தின் பெயர், எடுத்தவர், உரிமம், இணைப்பு என்று நான்கு நெடுவரிசைகளில் ஒரு பட்டியலை இன்றே தொடங்குங்கள். நூறு படம் சேர்ந்தபிறகு பின்னோக்கிப் போய்த் தேடுவது பெரும்பாடு. பை-எஸ்ஏ படத்தை அப்படியே காட்டினால் அது உங்கள் நிரலைத் தொடாது. அதை வெட்டி, வேறொரு படத்தோடு ஒட்டிப் புதுப்படம் செய்தால் அந்தப் புதுப்படம் பை-எஸ்ஏ ஆகும்.

எழுத்துருவில் சிக்கல் எதுவும் இல்லை. நோட்டோ எழுத்துருக்கள் முதலில் அப்பாச்சி உரிமத்தில் இருந்தன, 2015-இல் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்துக்கு மாறின. அந்த உரிமம் எந்த மென்பொருளோடும் சேர்த்துத் தர அனுமதிக்கிறது. எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது, உரிமக் கோப்பைக் கூடவே வைக்க வேண்டும். வேறு எழுத்துருவுக்கு மாறி, அதில் 'ஒதுக்கிய பெயர்' என்று அறிவித்திருந்தால், எழுத்துகளைத் திருத்தியபின் அதே பெயரில் வெளியிடக் கூடாது. எழுத்துருவால் அச்சான ஆவணத்தை அந்த உரிமம் கட்டுப்படுத்தாது. ஆனால் யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, டேப் குறியாக்கக் காலத்து எழுத்துருக்கள் பல 'இலவசம்' என்ற ஒற்றைச் சொல்லோடு சுற்றிக்கொண்டிருக்கின்றன. அழகாக இருக்கிறதே என்று அவற்றை உள்ளே எடுக்காதீர்கள், மாற்றவோ மறுவிநியோகம் செய்யவோ அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

உதவிப் பக்கங்களை நீங்கள் எழுதும்போது அவற்றுக்கு சிசி பை-எஸ்ஏ 4.0 அல்லது சிசி பை 4.0 கொடுங்கள். நடுவே வரும் நிரல் துணுக்குகளைத் தனியாகப் பிரித்துச் சொல்லிவிடுங்கள். மொசில்லாவின் எம்டிஎன் தளம் கட்டுரைகளை சிசி பை-எஸ்ஏ 2.5-இல் தருகிறது, 2010 ஆகஸ்ட் 20-க்குப் பின் சேர்ந்த நிரல் மாதிரிகளை சிசி ஜீரோவில் தருகிறது. கூகுளின் நிரலாளர் தளங்கள் பொதுவாக உரையை சிசி பை 4.0-இலும் மாதிரிகளை அப்பாச்சி 2.0-இலும் தருகின்றன. பத்து வரித் துணுக்கை எடுத்தவர் தன் நிரல் முழுவதும் பை-எஸ்ஏ ஆகிவிடுமோ என்று பயப்படக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பிரிவு. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இந்தப் பிரிவு கிடையாது. அங்கே பதில்களில் வரும் துணுக்குகளும் பை-எஸ்ஏதான், பதில் எழுதிய காலத்தைப் பொறுத்து 2.5, 3.0, 4.0 என்று பதிப்பும் மாறும். அங்கிருந்து எடுத்து ஒட்டிய இடங்கள் உங்கள் நிரலில் இருந்தால், விடையைப் புரிந்துகொண்டு உங்கள் கையால் மீண்டும் எழுதுங்கள்.

இடைமுகத்தைத் தமிழாக்கும் கோப்புகளைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. மொழிபெயர்ப்பு மூலத்தின் வழிப்படைப்பு, ஆகவே நிரலின் உரிமமே அதற்கும். மொழிபெயர்ப்புக் கருவியான கெட்டெக்ஸ்ட் உருவாக்கும் கோப்பின் தலைப்பகுதியில் 'இந்தக் கோப்பும் அந்த நிரல்தொகுப்பின் உரிமத்திலேயே விநியோகிக்கப்படுகிறது' என்று ஒரு வரி ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் உள்ளிடும் தன்னார்வலர் விக்கிப்பீடியாவிலிருந்து ஒரு பத்தியைக் கொண்டுவந்து அங்கே ஒட்டினால், நிரலோடு உரை கலக்கும் வேலை உங்களுக்குத் தெரியாமலே நடந்துவிடும்.

'முதலில் வெளியிடுவோம், உரிமத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று உங்களில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த நண்பருக்காக இரண்டு நிகழ்ச்சிகள். விஎல்சி என்ற காணொளி இயக்கி 2011 ஜனவரியில் ஆப்பிளின் செயலிக் கடையிலிருந்து நீக்கப்பட்டது. கடையின் விதிகள் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகவில்லை என்று அதன் நிரலாளர்களில் ஒருவரே முறையிட்டிருந்தார். பிறகு திட்டத்தை நடத்தியவர்கள் பங்களித்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்கி, மையப் பகுதியை எல்ஜிபிஎல்லுக்கு மாற்றினார்கள். செயலி கடைக்குத் திரும்பியது 2013 ஜூலையில். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன் வரைபடத் தரவை சிசி பை-எஸ்ஏ 2.0-இலிருந்து தரவுத்தளத்துக்கென்றே எழுதப்பட்ட ஓடிபிஎல் உரிமத்துக்கு மாற்ற விவாதித்து, கடைசியில் 2012 செப்டம்பரில் மாறியது. சம்மதிக்காதவர்களும் பதில் தராதவர்களும் வரைந்த சாலைகள் வரைபடத்திலிருந்து அழிக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவிலும் போலந்திலும் இழப்பு அதிகம். வரைந்த கைகளுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இன்று நீங்கள் நான்கு பேர், ஒரு மாலைப்பொழுதில் உட்கார்ந்து பேசினால் முடிந்துவிடும்.

எழுதிவைக்கும் முறைக்கு ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 'ரீயூஸ்' நெறியைப் பின்பற்றுங்கள். களஞ்சியத்தில் உரிமங்களுக்கென ஒரு அடைவு, அதில் ஒவ்வொரு உரிமத்தின் முழு வாசகமும். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் யாருடையது, எந்த உரிமம் என்று இரண்டு வரி, உரிமத்தின் பெயரை எஸ்பிடிஎக்ஸ் என்ற பொதுவான உரிமக் குறியீட்டில். படம், எழுத்துரு போன்ற தலைவரி எழுத முடியாத கோப்புகளுக்குப் பக்கத்திலேயே சிறு உரைக்கோப்பு. எங்காவது விடுபட்டால் சுட்டிக்காட்ட ஒரு கருவியும் அதோடு வருகிறது. புதிதாகப் பங்களிப்பவர்களிடம் நீண்ட ஒப்பந்தம் எதுவும் கேட்க வேண்டாம். 'நிரல் ஜிபிஎல் 3, அகராதித் தரவு சிசி பை-எஸ்ஏ 4.0, எதில் பங்களிக்கிறீர்களோ அந்த உரிமத்தில் தருகிறீர்கள்' என்று பங்களிப்பு வழிகாட்டியில் ஒரு வரி போதும். லினக்ஸில் 2004 முதல் இருந்துவரும் மூலச் சான்று முறை, அதாவது ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் 'இதைத் தர எனக்கு உரிமை உண்டு' என்று பெயரிட்டு ஒப்பமிடுவது, சிறு குழுவுக்கும் நன்றாகவே பொருந்தும். செயலியின் பெயரும் சின்னமும் இந்த உரிமங்கள் எதிலும் அடங்காது என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் விளம்பரம் திணித்த பிரதி ஒன்று உங்கள் பெயரிலேயே உலவும்.

மிச்சமிருப்பது விலகிப்போன நண்பர். அவர் எழுதிய தேடல் பகுதி இன்னும் செயலியில் இருக்கிறது. உரிமம் எதுவும் எழுதாத காலத்தில் எழுதியது, எனவே அதன் பதிப்புரிமை முழுக்க அவருடையது. நட்பாகக் கொடுத்தார் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் இந்தியச் சட்டப்படி உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபிறகு ஏதாவது எழுதித் தந்தாரா? பணியின் பகுதியாக ஊழியர் எழுதுவதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, முதல் உரிமையாளர் நிறுவனம்தான் என்கிறது 17-ஆம் பிரிவு. சொந்த நேரத்தில் எழுதினாரா, அவருடைய பணி ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். சேர்வதற்கு முன் எழுதியதில் இந்தச் சிக்கல் இல்லை. 'இன்ன தேதிவரை நான் எழுதிய கோப்புகளை ஜிபிஎல் 3 அல்லது பிந்தைய பதிப்பில் வெளியிடச் சம்மதிக்கிறேன்' என்று கோப்புப் பெயர்களோடு அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வாங்கிக் களஞ்சியத்தில் சேமித்து வையுங்கள். ஆக்கியவர்கள் பட்டியலில் அவர் பெயர் முதலில் வரட்டும்.